கன்று விலை ஏறட்டும் என்றிருந்தார் கஸ்தூரி அக்கா

ஆவணி மாதக் கடைசிச் சனிக்கிழமை, சந்தையில், ஊருக்கு வந்திருந்த கஸ்தூரி அக்காவின் தம்பி குமார் என்னைத் தனியாக அழைத்து, “அக்காவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்குதாம்மா? இம்மாம் மெலிஞ்சிக்கினு போறாளே” என்று கேட்டார். எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். நான் சொல்லவில்லை. “வெயில்தாண்ணா” என்றேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தரகர் முனிரத்தினம் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழக்கூடாது என்பதே அப்போது என் கவலை.

புரட்டாசி இரண்டாவது வாரம் செய்தி வந்தது. விடிகாலை, பால் சங்கத்தில் வரிசை நின்றிருந்தது. பாலைப் பரிசோதிக்க வேண்டிய அக்கா வரவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தார். கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றார். வரிசையில் நின்றவர்கள் கேன்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். நாங்கள் போனபோது கை சில்லிட்டிருந்தது. ஒரு கன்று அவருடைய முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது. அதை விலக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

சங்கத்து உறுப்பினர்களான உங்களில் பலருக்கு அக்கா ஒரு குரல். சனிக்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் போனில் கேட்கும் குரல். நகரிப் பக்கத்துச் சந்தையில் அன்று கன்றுகள் என்ன விலைக்குப் போயின என்று உறுப்பினர்களுக்குச் சொல்வது எங்கள் இருவர் வேலை. கன்றின் வாயைத் திறந்து பல் பார்ப்பதும் விலை கேட்பதும் அக்கா. கணினியில் ஏற்றுவது நான். மேலே இருந்து வந்த படிவத்தில் இனம், வயது, பல், விலை என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. அக்காவுக்கு அது போதவில்லை. “வெல மட்டும் சொன்னா இன்னா பிரயோஜனம் பாப்பா? ஏன் அந்த வெலன்னு சொல்லணும்ல” என்பார். அதனால் அவர் குரல் இப்படி வரும்: “இன்னைக்குக் கெடேரிக் கன்னு வெல எறங்கிப்போச்சி. கன்னு மேல குத்தமில்ல. மாங்கா வெல விழுந்துச்சி, பள்ளிக்கூடமும் தொறக்கப் போறாங்க, அதான் எல்லாரும் ஒரே நாள்ல கன்னப் புடிச்சிக்கினு வந்துட்டாங்க. வைக்கோலு இருக்கறவங்க பொறுங்க. இல்லாதவங்கள நான் ஒண்ணும் சொல்ல முடியாது.” அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஒருபோதும் விட்டதில்லை.

மழை, வைக்கோல், கடலைக்கொடி, தாய்ப்பசுவின் பால், எல்லை தாண்டி வரும் லாரிகள், மாடுகளுக்கு அம்மை வந்ததாக ஒரு வதந்தி, பொங்கலுக்கு முன் சந்திரகிரிப் பக்கத்தில் காளைக்கன்றுக்கு வரும் கிராக்கி எல்லாம் விலையை அசைக்கும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது விற்பவரின் அவசரம் என்பது அக்காவின் கணக்கு. “தேவையோட போனா மாடு பாதி வெல” என்பார். ஒருமுறை ஒரு பெண் அழுத கண்ணோடு கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் குறைத்தே கேட்டார்கள். அக்கா அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். “மூஞ்சியக் கழுவு. கன்னோட பல்லப் பாக்கறதுக்கு முன்ன உன் மூஞ்சியப் பாக்கறான் ஒவ்வொருத்தனும்.” பொட்டு வைத்துவிட்டு, கையில் ஒரு சோடாவும் கொடுத்து, விருந்துக்கு வந்தவளைப் போல நிற்க வைத்தார். விலை ஏறியது. முனிரத்தினம் பொறுக்காமல், “ஏமம்மா கஸ்தூரி, நீ வந்தாலே எங்க வயித்துல மண்ணு” என்றார். “மண்ணு விழுந்தா நல்லதுதான நைனா? புல்லு மொளைக்கும், மாட்டுக்காவது ஆவும்” என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் முனிரத்தினமும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா சொந்தமாகவும் கன்றுகள் வளர்த்தார். கணவர் போன பிறகு தனியாக இருந்த அவருக்கு அதுதான் ஆதாரம். பால் மறந்த கன்றுகளை வாங்கி, ஒரு வருடம் வளர்த்து, மழை பிடித்த பின் விற்பார். இந்த வருடம் ஏழு. அதில் ஒன்றுக்கு முதுகில் ஆகாத சுழி. அந்த மாதிரிக் கன்று வந்த வீட்டில் ஆள் தங்காது என்பார்கள். அதனாலேயே மலிவாகக் கிடைத்தது. “ஏழு கன்னு வாங்க ஆறு கன்னு துட்டுதான் ஆச்சி. சுழி நமக்கு நல்லதுதான் பண்ணுது” என்று சிரித்தார்.

அந்தச் சுழிதான் அவரைக் கொண்டுபோனது என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். துக்க வீட்டிலேயே பேசினார்கள். பிறர் விஷயத்தை வெளியே பேசுவது என் வழக்கமில்லை. இதை எழுதவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு நிலைத்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

வைகாசியில் அக்காவும் நானும் திருப்பதிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவில்லை. ஆனால் அதன் பிறகு மூன்று மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாது. திரும்பும் பேருந்தில் அக்கா மருத்துவர் கொடுத்த சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, “ஏழு கன்னுக்கு யாரு புல்லு அறுக்கறது?” என்றார்.

“வித்துடுங்கக்கா.”

“இப்பவா? வைகாசில எவனாவது கன்னு விப்பானா? சந்தையே ரொம்பிக் கெடக்குது. இதுல நான் சீக்காளின்னு தெரிஞ்சா முடிஞ்சிது. ஆசுபத்திரிக்குப் போறவ கன்ன வச்சிக்கினு இன்னா பண்ணுவா, குடுத்துத்தான ஆவணும்னு உக்காந்துக்குவானுங்க. நீ யாருக்கும் சொல்லாத. குமாருக்கும் சொல்லாத. அவன் வாய் நிக்காது, சந்தையெல்லாம் சொல்லிடுவான்.”

மறுநாள் சங்கத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, “போன வருசம் ஐப்பசில இன்னா வெல போச்சி, பாரு” என்றார். நான் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடங்களையும் பார்த்தேன். எல்லா வருடமும் மழை பிடித்த பின் விலை ஏறியிருந்தது. அந்த வரிகளைத் திரையில் காட்டியவள் நான்தான். “பாத்தியா?” என்றார். அந்தச் சனிக்கிழமை முனிரத்தினம் ஏழு கன்றுகளுக்கும் சேர்த்து ஒரு விலை கேட்டார். அக்கா புதுச்சேலை உடுத்தி வந்திருந்தார். “கன்னுங்க உன்ன மாமான்னு கூப்புட்டாலும் அந்த வெலைக்குத் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்தார். மாட்டு லாரிக்குப் பின்புறம் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். யாரும் பார்க்காத இடமாகத் தேடித்தான் மூச்சு வாங்கினார்.

விலை கிடக்கட்டும், நாளைக்கே போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். கன்றுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. தீவனம் வைக்கத் தெரியாதது காரணமில்லை. தெரிந்துகொண்டிருக்கலாம். அவர் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. சரியான கணக்கை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ரகசியம் காப்பதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்து வளர்ந்தவள் நான். ஆனியும் ஆடியும் போயின. ஆவணியில் குமார் கேட்டார். அன்று மாலை போனிலாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். எண் என்னிடம் இருந்தது.

அடக்கம் முடிந்து குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூளூர்பேட்டையில் லாரி ஓட்டுகிறவர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சொல்லியிருந்தா மூணு மாசம் லீவு போட்டுக்கினு வந்து நான் புல்லு அறுத்திருப்பனே” என்றார். “சின்ன வயசுல நானும் அவளும்தான மாடு மேச்சிக்கினு இருந்தோம்.”  

அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு கேள்வி: ஏன் அந்த விலை? சனிக்கிழமைச் செய்தியை இப்போது நான்தான் அனுப்புகிறேன். எனக்குப் பேச வராது, எழுதி அனுப்புகிறேன். விலைக்குப் பக்கத்தில் காரணமும் இருக்கும். இன்னொன்றும் செய்கிறேன். கன்றோடு வருகிறவர் முகம் கழுவிப் பொட்டு வைத்து அதிகமாகச் சிரித்தால், அருகில் போய், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் குமார் ஏழு கன்றுகளையும் விற்றுவிட்டுச் சூளூர்பேட்டைக்குப் போனார். சந்தைக்கு ஓட்டிப்போக வேண்டியிருக்கவில்லை. முனிரத்தினமே ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். எதற்கு விற்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வைகாசியில் அக்கா வேண்டாமென்று விட்டுவந்த விலையைவிடக் குறைவாகவே போயின.