கிருமிக்குப் பயந்த வீடுகளில் ஒரு புகைப்படக்காரன்

பெரியவர்களைப் படமெடுப்பவனுக்குக் கண் ஒன்று இருந்தால் போதும். குழந்தைகளைப் படமெடுப்பவனுக்குக் கண்ணோடு குரங்குச் சேட்டையும், மலையளவு பொறுமையும், ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு விதமாய்ப் பதில் சொல்லும் நாவும் வேண்டும்.

எண்பதுகளில் தொடங்கிப் பல்லாண்டுகள் இராஜபாளையத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவை நடத்தியவன் நான். இக்கலையை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. பிலிம் டப்பாவுடன் வரும் குறிப்புத் தாள்களைப் படித்துப் படித்தே கற்றேன். அன்பார்ந்த வாசகர்களே, நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். பால் புட்டியைக் கொதிக்க வைத்தவர்கள். வந்த விருந்தாளி குழந்தையின் வாயருகே முத்தமிடும்போது தடுக்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் தவித்தவர்கள். ஆகவே என் அவதி உங்களுக்கு விளங்கும்!

கொதிநீருடன் வந்த தாய்

என் ஸ்டூடியோவில் குழந்தைகளுக்கென இருந்த சொத்து ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு வெல்வெட் தொப்பி, ஒரு சிவப்புக் கிலுகிலுப்பை. அந்தக் கிலுகிலுப்பையைக் கடிக்காத குழந்தை எங்கள் வட்டாரத்தில் இருந்திருக்குமா என்பதே ஐயம்! காலையில் கழுவித்தான் வைப்பேன். கடை திறந்த சற்று நேரத்திற்கெல்லாம் இரண்டு மூன்று குழந்தைகளின் எச்சில் அதன்மேல் ஏறிவிடும்.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீனிவாசன் என்பவர் தம் மனைவி கோதையுடனும், ஆறு மாத மகன் ரங்கனுடனும் வந்தார். கோதை என் கிலுகிலுப்பையை ஒரு பார்வை பார்த்தாள். பாம்பைக் கண்டவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்! மறுகணம் அவளுடைய பையிலிருந்து வெள்ளைத் துணியும், விரிப்பும், ஃபிளாஸ்க் நிறையக் கொதிநீரும் வெளிவந்தன. என் பிரம்பு நாற்காலி பிறந்ததிலிருந்து கண்டிராத குளியலைக் கண்டது. சீனிவாசன் என்னைக் கதவருகே அழைத்துத் தாழ்ந்த குரலில், "தப்பா நெனச்சிராதீய அண்ணாச்சி. மூத்த புள்ள வயித்தால போயே தவறிருச்சு. அதுல இருந்து இவ இப்படித்தான்" என்றார். அதைக் கேட்டதும் கிலுகிலுப்பையையும் கழுவுவதற்கு நானே எடுத்து நீட்டினேன். ஆனால் பெஞ்சில் தன் நான்காவது பிள்ளையை இடுக்கிக்கொண்டு காத்திருந்த தளவாய்புரத்து அம்மாளுக்கு அந்தத் துக்கம் எப்படித் தெரியும்? உரத்த குரலில் சொன்னாள்: "ஏட்டி, நாக்காலிய வெந்நி ஊத்திக் கழுவுனே, சரி. புள்ளையையும் ஒரு கொதி விட்டுக் கொண்டாந்திருக்கலாம்லா!"

பேருந்தில் வந்த பாட்டனார்

சில மாதங்கள் சென்றன. ஒரு பிற்பகலில் வெள்ளை வேட்டியும் மடித்த துண்டுமாக ஒரு முதியவர் பேருந்திலிருந்து இறங்கிப் படியேறி வந்தார். சீனிவாசனின் தந்தை, வரதராசன் என்றார். பஞ்சு மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவர். காசநோய் கண்டு, மருந்தை ஒரு வேளையும் தவறாமல் உட்கொண்டு முடித்தவர். சளியைச் சோதித்துப் பார்த்து, இனி அச்சமில்லை என்று டாக்டர் அவரை அனுப்பியும் விட்டார். ஆயினும் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், பின்கட்டில் தனி அறை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. பிறந்தது முதல் பேரனை அவர் மடியில் வைத்ததே இல்லை!

"முத வருசப் பொறந்த நாளுக்கு உங்களத்தான் கூப்பிடப் போறாவ. அன்னைக்கு அவன் என் மடியில இருக்க மாதிரி ஒரே ஒரு படம். நீங்க சொன்னா மருமக கேப்பா" என்று என் கைகளைப் பற்றிக்கொண்டார். டாக்டரே சொன்ன பிறகும் மருமகள் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, கோதையைக் குறை சொல்லவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "டாக்டர் விட்டுட்டாரு தம்பி. பெத்தவ இன்னும் விடலை."

முகமூடித் தொட்டில் விழா

இவ்விடத்தில் இன்னொரு வீட்டைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல இயலாது! இராஜபாளையத்திலேயே ஒரு கல்லூரி ஆசிரியர். கிருஷ்ணன்கோவிலுக்குப் பேருந்தில் போய் வருபவர். குழந்தையின் முகத்தருகே எவரும் மூச்சுவிடலாகாது என்று எதிலோ படித்துவிட்டார். அவருடைய மைத்துனருக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தொழில். கேட்க வேண்டுமா? தொட்டில் விழா அன்று வாசலிலேயே ஒரு கட்டு மெல்லிய வெள்ளைத் துணி! வந்த உறவினர் அனைவருக்கும் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிவிட்ட பின்னரே உள்ளே அனுமதி.

குடும்பப் படம் எடுக்கக் கேமராவின் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிங்க, சிரிங்க" என்று வழக்கப்படி சொன்னேன். எவர் சிரித்தார், எவர் முறைத்தார் என்பதை நான் எங்ஙனம் அறிவேன்? கண்கள் மட்டும் வரிசை வரிசையாக என்னைப் பார்த்தன. நடுவில் குழந்தை, பயந்துபோய், அலறு அலறென்று அலறியது. படம் எடுத்து முடிந்ததும், கடைசி வரிசையில் நின்ற பெரிய மாமா துணியை மோவாய்க்கு இறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "எய்யா, படத்துக்குக் கீழ பேரையும் எழுதிருங்க. நாளைக்கு என் பொண்டாட்டி நாந்தான்னு நம்ப மாட்டா!"

தரையில் விழுந்த நிப்பிள்

இதற்கு நேர்மாறான தந்தையரும் உண்டு, அவர்களும் ஆபத்தானவர்களே. டீக்கடை வைத்திருந்த ஒருவர் தம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தை வாயிலிருந்த ரப்பர் நிப்பிள், என் இருட்டறை வாசலில் விழுந்தது. படம் கழுவும் ஹைப்போ கரைசல் சற்று முன்னர்தான் அவ்விடத்தில் சிந்தியிருந்தது. அவர் குனிந்தார், எடுத்தார், கைலியில் ஒரு துடைப்புத் துடைத்தார், குழந்தையின் வாய்க்குக் கொண்டு போனார். நான் பாய்ந்தேன் ஐயா, பாய்ந்தேன்! ஸ்டாண்டு ஒரு பக்கம், ஸ்டூல் ஒரு பக்கம் சாய, அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"எம் புள்ளைய மூணையும் இப்படித்தான் வளத்தேன். மண்ணுல விழுந்தத எடுத்து வாயில வப்பேன், ஒண்ணும் ஆகலையே?" என்று அவர் சீறினார். மண் வேறு, மருந்து வேறு, இந்தத் தரையில் கொட்டிக் கிடப்பது பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும் இரசாயனம் என்று மூச்சு வாங்க விளக்கினேன். அவர் தரையை உற்று நோக்கினார். கோபம் போய் முகம் மலர்ந்தது. "இம்புட்டு மருந்து கொட்டுன தரைன்னா கிருமியெல்லாம் எப்பமோ செத்திருக்குமே அண்ணாச்சி!"

சன்னலுக்கு வெளியே நான்

ரங்கனின் முதல் பிறந்த நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கூடத்தில் கோலமும் மாலையுமாக ஏற்பாடு தடபுடல். நான் கால் கழுவி, கை கழுவி, நிலைப்படியில் காலெடுத்து வைத்தேன். என் போதாத காலம், ஒரு தும்மல் வந்தது! அவ்வளவுதான். உள்ளே வர வேண்டாமென்று கோதை பணிவாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். நான் தெருவில் நின்று, சன்னல் கம்பிகளுக்கு நடுவே கேமராவை நுழைத்துப் பிறந்த நாளைப் படமெடுத்தேன். தெருவில் போனவர்களெல்லாம் நின்று, நான் என்ன களவு செய்கிறேன் என்று பார்த்தார்கள்.

படமெடுத்து முடித்த பிறகு, பெரியவரின் ஆசையைச் சன்னல் வழியாகவே எடுத்துரைத்தேன். பின்கட்டு வாசலில் அவர் புது வேட்டியுடன் நின்றுகொண்டிருந்தார். கோதைக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அவளிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. "மாமாவத் தனியா எடுங்கண்ணே. புள்ளையத் தனியா எடுங்க. ரெண்டையும் ஒட்டிக் குடுத்திருங்க. உங்க கடையில அப்படி ஒரு படம் மாட்டியிருக்கீங்கள்லா?" மாட்டியிருந்தது உண்மையே. இரு படங்களை வெட்டி ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மறைத்து, மீண்டும் படமெடுத்து அச்சிடும் வேலை அது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அம்மா, மணமக்கள் அருகே இறந்துபோன தகப்பனாரைச் சேர்த்து வைக்க அல்லவா அதைச் செய்வது? இதை நான் சொல்லுமுன் பெரியவரே முந்திக்கொண்டார். "எடுங்க தம்பி. போனவிய வரிசையில என் படம் ஒண்ணு முன்கூட்டியே இருக்கட்டும்."

காலி மடி

மறுவாரம் பெரியவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தலையணையை மடியில் கொடுத்தால் ஒட்டும்போது இடைஞ்சல் என்பதால், வெறுங்கையைத்தான் குழந்தையைத் தாங்குவது போல் வளைக்கச் சொன்னேன். அவர் வளைத்தார். இடக்கை முதுகைத் தாங்க, வலக்கை தொடைகளை அணைக்க, பார்வை அந்த வெற்றிடத்தை நோக்கிக் குனிந்தது. எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறேன். இப்படி ஒரு நிலை எனக்கு அமைந்ததே இல்லை! உற்சாகத்தில், "அப்படியே, அப்படியே, அசையாதீங்க!" என்று கூவினேன்.

விளக்கைப் போட்டேன். ஆனால் அவர் கைகள் ஒரு நிலையில் நில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. கை வலிக்கிறதா என்று வினவினேன். இல்லையென்று தலையசைத்தார். பிறகு, கைகளை வளைத்தபடியே, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "புள்ள எம்புட்டுக் கனம் இருப்பான் தம்பி? கைய எம்புட்டுத் தாழ்த்தணும்னு எனக்குத் தெரியலையே."

கழுவிய விரல்

அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றேன். மடியின் சாய்வுக்கு ஏற்பக் குழந்தையை உட்கார வைத்து எடுத்தால்தான் ஒட்டு பொருந்தும். ஆதலால் படத்தைக் கோதையிடம் கொடுத்து, இந்தக் கைகளுக்கு நடுவே ரங்கன் வர வேண்டும் என்று விளக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை ஏன் ஓரிடத்தில் சற்றுக் கலங்கித் தெரிகிறது என்று கேட்டாள். பெரியவர் என்னிடம் கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் படத்தை மார்போடு கவிழ்த்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்ணே, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒரு படக்கூலி போயிற்று என்றே எண்ணினேன்.

சில நாட்கள் கழித்து, என் கடை வாசலில் குடும்பம் முழுவதும் வந்து இறங்கியது! கோதை, மாமனாரைத் தானே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். மறுபடியும் சோதிக்கச் சொல்லி, குழந்தையைத் தூக்கலாமா, முத்தமிடலாமா, ஒரே அறையில் படுக்கலாமா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள். நோய் முற்றிலும் தீர்ந்தது, தாராளமாய்த் தூக்கட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகே மனம் ஆறியிருக்கிறது. ஆனாலும் கோதை கோதைதானே! பெரியவரை என் கடைக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்தாள். அதில் தவறென்ன? எந்தக் கையானாலும் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடுவது நல்லதுதான்.

பெரியவர் நாற்காலியில் அமர்ந்தார். கோதை ரங்கனைக் கொண்டுபோய் அந்த மடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. எடுத்தாள், விலகி நின்றாள். பெரியவரோ மூச்சையே அடக்கிக்கொண்டு, சிலை போல் இருந்தார். அடுத்த கணம் ரங்கன் பாட்டனாரின் ஆட்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, நேராக வாய்க்குள் வைத்து, புதிதாய் முளைத்த பற்களால் நறுக்கென்று கடித்தான்! பெரியவர் பதறி மருமகளைப் பார்த்தார். சீனிவாசன் ஓரடி முன்னே வந்தார். என் விரல் பொத்தானின் மேல் உறைந்து நின்றது. கோதையின் குரல் கடை அதிரக் கேட்டது. "எடுங்கண்ணே, எடுங்க! என்னப் பாக்காதீய மாமா, அவனப் பாருங்க. கழுவுன விரலுதான், நல்லாக் கடிக்கட்டும்!"

ஆக, கையைக் கழுவச் சொல்லும் தாய்மாரால் என் தொழிலுக்கு வந்த நட்டம் அவ்வப்போது ஒரு சோப்புக் கட்டி மட்டுமே. கையே கூடாது என்பவர்களால்தான் இருட்டறையில் எனக்கு இரட்டை வேலை.