எல்லோரும் குதிரைகள்

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு குறைதான். எல்லோருமே குதிரைகள். வார் பிடிக்க ஆள் இல்லை.

முதலில் விளங்கப்படுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் பாட்டுக்கு எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். வளர்ந்த மனிதர்கள், முழுச் சம்மதத்தோடு, ஒருவர் குதிரையாகவும் மற்றவர் அதை ஓட்டுபவராகவும் இருக்கிற விளையாட்டு இது. குதிரையின் தலையில் ஒரு பட்டி, அதன் இரண்டு பக்கத்திலும் நீண்ட வார். குதிரை பேசாது. முழங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கும், வார் இழுத்த பக்கம் திரும்பும். கையை உயர்த்தினால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. சிலருக்கு இதில் உடம்பின் ஆசையும் உண்டு. இல்லையென்று பொய் சொல்ல எனக்கு வராது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. அன்புவழிபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் தொடங்கும். "அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ?" "அக்கா, பிள்ளைக்கு இவ்வளவு மருந்து காணுமோ?" கடையைப் பூட்டிவிட்டு வந்தால் வெளிநாட்டிலிருந்து தம்பிமார் போன் எடுப்பார்கள். காணியை விற்கிறதா, அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்கிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான்: "அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான்." கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். ஓம் என்று நான் ஒருதரம் சொன்ன பிறகு, மிச்சம் எதையுமே என்னிடம் கேட்காமல் யாராவது என்னைத் திருப்பவேண்டும். இதுதான் என் ஆசை. பெரிய ஆசையா இது?

போன் குழு ஒன்றில்தான் இவர்களைப் பிடித்தேன். குழுவுக்கு 'லாயம்' என்று பெயர். எங்கள் ஊர்த் தெருவில் மான் நிற்கும், குதிரையை ஒருவரும் கிட்டத்தில் கண்டதில்லை, ஆனால் லாயம் மட்டும் இருந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கணவன் மனைவிக்கு மீனுக்கு ஐஸ் போட்ட பழைய ஸ்டோர் ஒன்று சும்மா கிடந்தது. உயர்ந்த மதில், சீமெந்து முற்றம். அவர்களை அண்ணன், அண்ணி என்பேன். லிங்கநகரில் போன் திருத்துகிற ஒருவரும் வருவார். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பகலில் கூடுவோம்.

முதல் நாளே அண்ணன் வாரைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார்.

"கடையில எல்லாரையும் மேய்க்கிறனீங்கள்தானே, உங்களுக்கு இது லேசு."

அண்ணனும் குதிரை, அண்ணியும் குதிரை. வீட்டில் யார் வார் பிடிப்பது என்பதுதான் அவர்களுடைய நெடுநாள் சண்டை. போன்காரரும் குதிரை. நானும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைவிட மோசம், நான் நன்றாகவே ஓட்டினேன். ஓடி முடிந்ததும் அண்ணி மதிலில் சாய்ந்து பிளேன்ரீ குடிப்பார். ஒரு கவலையும் இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

மூதூரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஓட்டுகிறதே தொழிலாக உள்ள மனிதர்! அந்தப் போயாவுக்குத் தலை முழுகி, கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகப் போய் நின்றேன்.

அவர் தயிர்ச்சட்டியோடு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், வெட்கப்பட்ட சிரிப்பு. அண்ணன் வாரை நீட்டினார். டிரைவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே, நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். இஞ்சையும் பிடிக்கச் சொல்லாதேங்கோ. நான் குதிரையா இருக்கத்தான் வந்தனான்."

போன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவரையும் ஓட்டினேன். சனியன், எல்லோரையும்விட அருமையான குதிரை.

தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஒண்டு கேட்டாக் கோவிப்பியளோ? என்னை ஓட்டேக்க பின்னால உங்கட காலும் தூக்கித் தூக்கித்தான் வந்தது. சத்தம் கேட்டது. நீங்களும் குதிரைதானே?"

இவ்வளவு காலத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓம் என்றேன்.

"அட கடவுளே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!" என்றார் அண்ணி. அண்ணன் தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் எழுந்து கையைக் கழுவினார். "தாங்கோ வாரை, நான் பிடிக்கிறன்." பட்டி என் நெற்றியில் படிந்ததும் முழங்காலைத் தூக்கினேன்.

இரண்டு அடி வைத்திருப்பேன். "அக்கா, சரியே?" தலையாட்டினேன். "இறுக்கமோ?" இல்லையென்று ஆட்டினேன். "எந்தப் பக்கம் போவம்?"

குதிரையிடம் கேட்கிற கேள்வியா இது? கையால் காட்டினேன். அடுத்த மூலையிலும் கேட்டார். அதையும் காட்டினேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. போதும், இங்கேயும் மருந்துக்கடைதான் என்று நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கப் போனேன்.

அப்போது இடதுவார் வெடுக்கென்று இழுபட்டது. நான் திரும்பியிருந்தேன். திரும்பவேண்டும் என்று நினைக்கவேயில்லை, உடம்பு தானாகத் திரும்பி, முழங்கால் தானாக உயர்ந்து, மதில் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. தூக்கப் போன கை எப்போது இறங்கியது என்று தெரியாது. அந்தச் சில அடிகளுக்கு அக்கா என்று ஒருத்தி இந்த உலகத்தில் இல்லை. அவ்வளவு சுகம்.

"ஐயோ அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ! என்ர கழுத்தில நுளம்பு கடிச்சுப்போட்டுது, தெரியாம இழுத்துப்போட்டன். நொந்ததே?"

அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டிருக்கவே கூடாது.

அதன்பிறகும் போயாவுக்குப் போயா அவர் எனக்காக வார் பிடிக்கிறார். தங்கமான மனிதர். கேட்கவேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "ஓம் அக்கா, இனிக் கேக்கமாட்டன்" என்பார். அரைச் சுற்றுப் போனதும் "இப்ப சரியே?" என்பார். அவரை நுளம்பு கடிக்காமலிருக்க அண்ணி முற்றத்து மூலையில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்பார். அண்ணி பிளேன்ரீ போடக் குசினிக்குள் போனதும் நான் போய் அதன் நெருப்பை நூர்த்துவிடுகிறேன்.