சந்தனப் பொட்டு வைத்த ரோவர்

போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க் கிரகத்தில் அரை நாள் இருந்துவிட்டு வந்தேன். பஸ் டிக்கெட் பெருந்துறை வரைக்கும்தான்.

அங்கே ஒரு கல்லூரியில், மாணவர்கள் செய்த ரோவர் வண்டிகளுக்குப் போட்டி. பின்னால் இருக்கும் கரட்டு நிலம்தான் செவ்வாய். ரோவர் பாறையைத் தேடிப்போய், துளைபோட்டு, கொஞ்சம் பொடி எடுக்க வேண்டும். மாணவர்கள் கூடாரத்துக்குள் ஸ்கிரீனைப் பார்த்தே ஓட்ட வேண்டும். கையால் தொட்டால் அவுட். நியாயம்தானே... செவ்வாய்க்குப் போய் யார் தொடுவது?

என் அண்ணன் மகள் யாழினி ஒரு டீமுக்குத் தலைவி. ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் ரெண்டு வருட உழைப்பு மூலையில் கிடக்கும்.

விசில் ஊதினார்கள். வண்டி நகரவே இல்லை.

"ஏங்கண்ணு, நிக்குது?" என்றார் அண்ணன், கூடாரத்து வாசலில் இருந்து.

"முன்னாடி பாறை மறைக்குதுன்னு வண்டி தானா நின்னுக்குதுங்கப்பா. ஸ்கிரீனெல்லாம் ஒரே மஞ்சளா இருக்குது."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவர் கோவையில் லேத் பட்டறை நடத்துகிறவர். பொட்டு வைக்காமல் எந்தப் புது மெஷினையும் ஓட விடமாட்டார். எங்கள் வைஃபை பெட்டிக்கே வைத்திருக்கிறார் என்றால் பாருங்கள். விசிலுக்கு முன்னால் ரோவருக்கும் வைத்துவிட்டார் — நெற்றி மாதிரி தெரிந்த இடத்தில். அது கேமரா.

"நாந்தான் கண்ணு, சந்தனம் வெச்சுப்போட்டேன். தொடச்சுட்டு வாரேன்."

"வேண்டாங்கப்பா. தொட்டா அவுட்டுங்க."

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சண்டை போட்டிருப்பேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"பின்னாடி கேமரா நல்லாத்தான இருக்குது? ரிவர்ஸ்லயே போலாம்," என்றாள் டீமிடம்.

ரோவர் நின்ற இடத்திலேயே திரும்பியது. ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் லாரி குடோனுக்குள் ரிவர்ஸ் எடுக்குமே, அப்படி நிதானமாகப் பாறையை நெருங்கியது. தன் இயந்திரக் கையைப் பின்பக்கம் வளைத்துத் துளைபோட்டது. பொடி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

"எதுக்கும்மா ரிவர்ஸ்ல போனீங்க?" என்றார் நடுவர்.

"முன் கேமரா மறைஞ்சு போனாலும் எங்க வண்டி வேலை செய்யுமுங்க சார்."

செலக்ட் ஆகிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளின் வண்டி ஒருநாள் நிஜச் செவ்வாய்க்கும் போகும். எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று போய்ப் பார்த்தேன். தேசியப் போட்டிக்கு ரோவரைத் தயார் செய்துகொண்டிருந்தாள் யாழினி. அதன் பக்கவாட்டில், கேமராவுக்கு எட்டாத இடத்தில், மார்க்கரால் ஒரு சின்ன வட்டம். இது என்ன பார்ட் என்று கேட்டேன்.

"அது அப்பா பொட்டு வெக்கறதுக்குங்க, சித்தப்பா."