வெள்ளிக்கிழமையின் எட்டுப் பேர்

மகள் வீட்டில் துடைப்பம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் நான் தொடக் கூடாது. "முட்டி ஆபரேஷன் பண்ணது மறந்துபோச்சாப்பா? பெருக்கத்தான் ஆள் வருது இல்ல?" என்பாள். வருகிறது. பதினொரு நிமிடத்தில் நான்கு அறைகளையும் பெருக்கிவிட்டுப் போகிறது. கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழைவதே இல்லை. அதைச் சொன்னால் எனக்குத்தான் பேச்சு விழும்.

கடலூரில் இந்த மாடி வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம். அதற்கு முன் முப்பத்தோரு வருடம் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பாடம் நடத்துவதற்குக்கூட இப்போது மனம் ஏங்குவதில்லை. கடைசி மணிக்கு முந்தைய இருபது நிமிடத்துக்குத்தான் ஏங்குகிறது. பெஞ்சுகளை இழுக்கும் சத்தம், சாக்பீஸ் தூசி, சிமெண்ட் தரையில் ஓடிக் காயும் தண்ணீரின் வாசனை, "டேய், கால் மேல ஊத்தாதடா!" என்று ஒரு கூச்சல். நாற்பது பிள்ளைகள், எட்டுத் துடைப்பம், நான்கு வாளி. எண்ணிக்கைகூட மறக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு தகப்பனார் வந்து, "எம்புள்ள படிக்க வந்துச்சா, பெருக்க வந்துச்சா?" என்று சண்டை போட்டார். தலைமையாசிரியர் அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பதினைந்து வருடமாக அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு போன் வந்தது. ஆறிலிருந்து எட்டு வரை என்னிடம் படித்த பெண். இப்போது சிதம்பரத்திலேயே வேறொரு பள்ளியில் ஆசிரியை.

"சார், எங்க கிளாஸ் ரூமையும் வராண்டாவையும் பசங்களே பெருக்கி, செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்னு பாக்கறேன். பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. சனிக்கிழமை மீட்டிங். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

மகள் வேண்டாம் என்றாள். போனேன். பஸ்ஸில் ஒரு மணி இருபது நிமிடம், பத்தொன்பது வேகத்தடை. ஒவ்வொன்றிலும் முட்டி வலித்தது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. நான் விட்ட இடத்தில் ஒருத்தி தொடங்கப்போகிறாள். அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

இருபத்து மூன்று பெற்றோர் வந்திருந்தார்கள். நான் பெருமையோடு ஆரம்பித்தேன். என் வகுப்பில் பணக்காரன், ஏழை, சாதி, மதம் எதுவும் பார்த்தது கிடையாது. வருகைப் பதிவேட்டு வரிசைதான். நாற்பது பேர், ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பேர். திங்கள் வகுப்பறை, செவ்வாய் ஜன்னலும் கரும்பலகையும், புதன் மரங்கள், வியாழன் தண்ணீர்த் தொட்டி, வெள்ளி கழிப்பறை. இந்த ஆசிரியை என்னிடம் படித்த மூன்று வருடமும் ஒருவர்கூடத் தப்பியதில்லை.

முன்வரிசையில் மடியில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சந்தேகம் சார். வெள்ளிக்கிழமை யாரு?"

"முப்பத்து மூணுலேர்ந்து நாப்பது வரைக்கும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

"ரிஜிஸ்டர்ல பசங்க பேரு மொதல்ல, பொண்ணுங்க பேரு கடைசில தான சார் வரும்?"

அந்த வகுப்பில் இருபத்தேழு பையன்கள், பதின்மூன்று பெண்கள். கடைசி எட்டும் பெண்கள்தான். கழித்துப் பார்க்க அரை நொடி போதும். முப்பத்தோரு வருடக் கணக்கு வாத்தியார் அதைக் கழித்துப் பார்த்ததே இல்லை. ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் முப்பத்தேழு சார்" என்று சிரித்தாள். "வெள்ளிக்கிழமைன்னா காலைல தலைக்குக் குளிச்சி பூ வச்சிக்கினு வருவோம். சாயங்காலம் கக்கூஸ் கழுவிட்டுப் போனா எங்கம்மா வாசல்லயே நிறுத்திடுவாங்க. வெளக்கேத்துற நேரம், உள்ள வராதன்னு. பின்பக்கமா போயி மறுபடியும் தலைக்கு ஊத்திக்கணும்."

"ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்ட வந்து கணக்கு தப்புன்னு யாரு சார் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடத்துக்கு முப்பத்தெட்டு வெள்ளி என்று வைத்தாலும் மூன்று வருடத்துக்கு நூற்றுப் பதினான்கு. நாற்பதை எட்டால் வகுத்தால் மீதி வராது; அந்தச் சுத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கூடுதலாக இருந்திருந்தால் முறை வாரத்துக்கு ஓர் ஆளாவது நகர்ந்து, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வந்திருக்கும்.

"இதான் சார் எங்க பயம்" என்றார் அந்த அம்மா. "இன்னிக்கு கிளாஸ் ரூம்னுவீங்க. நாளைக்கு எம்பொண்ணு கையில பினாயில் பாட்டில் இருக்கும்."

பின்னால் நான்கைந்து தலைகள் ஆடின. ஆதரவாகப் பேச வந்தவன் காரியத்தையே கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. மறுபடியும் எழுந்தேன்.

"பிரிச்சது நான். தப்பு என்னுது. அந்தப் பொண்ணுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இவ அப்படிப் பிரிக்க மாட்டாம்மா. பட்டவ."

"அப்ப எப்படிப் பிரிப்பாங்களாம்?"

ஆசிரியை சொன்னாள்: "வாராவாரம் சீட்டு குலுக்கிப் போடுவோம். பசங்க, பொண்ணுங்க எல்லாம் கலந்துதான். கழிப்பறை கிடையவே கிடையாது, அதுக்கு ஆள் இருக்காங்க. எம்பேரும் ஒரு சீட்டுல இருக்கும்."

அந்த அம்மா குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினார். "டீச்சர் பேரும் இருக்கும்னா செரி. ஆனா ஒருநாள் சொல்லாம வந்து பாப்பேன்."

இரண்டு பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இருபத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வரும்போது கேட்டேன். "இன்னொரு சீட்டும் போட்டுடும்மா. எம்பேருல."

"முட்டிய வச்சிக்கினு எப்படி சார்?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு முட்டி எதுக்கு?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "வெளியாளு உள்ள வரணும்னா எச்.எம். பர்மிஷன் வேணும் சார்" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்கள சொல்லல சார். கேட்டுட்டு போன் பண்றேன்."

ஒருமுறை பண்ணினாள். வேலை நன்றாக நடக்கிறதாம். அந்த அம்மா சொன்னபடியே திடீரென்று வந்து பார்த்தாராம், குறை சொல்லவில்லையாம். அனுமதியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று நாற்பது. இந்நேரம் அங்கே அடுத்த வாரத்துக்கான சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.