அப்பாவின் மேலுதடு

ஜெல் பாட்டிலைக் கோட்டுப் பைக்குள் போட்டு, உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றிக்கொண்டே அக்கா அடுத்த கர்ப்பிணியை உள்ளே கூப்பிடுவாள். "சில்லுன்னு வயித்துல வெச்சா மொதலாளிக்குக் கோவம் வந்துரும்மா" என்பாள். ஸ்கேன் அறையில் அவளுக்குப் பல வருட வேலை. வயிற்றுக்குள் இருக்கிற எல்லாரும் அவளுக்கு முதலாளிதான். குழந்தை முகம் காட்டாமல் குப்புறப் படுத்துக்கொண்டால், தாயை வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொல்வாள். "மொதலாளிக்கு இன்னிக்கு மூட் சரியில்ல. நாம என்ன பண்ண முடியும்?"

அளவுகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கடைசியில்தான் முகத்துக்கு வருவாள். அப்போது வாய் ஓயாது. "இது யார் வீட்டு மூக்கு? உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க, ஒப்பிட்டுப் பாத்துருவோம்." மாமியாரும் கூட வந்திருந்தால் போச்சு, மூக்கு எந்தப் பக்கம் என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். "சண்ட போடாதீங்க, பாதிப் பாதி" என்று அக்கா தீர்ப்புச் சொல்லி அனுப்புவாள்.

அக்காவுக்கு வந்தது அப்பாவின் மேலுதடு. பிறக்கும்போதே பிளந்திருந்து, பிறகு தைத்துச் சேர்த்த உதடு. அப்பா தன் தழும்பை அடர்ந்த மீசைக்குள் ஒளித்து வைத்திருந்தார். சின்ன வயதில் ஒருநாள், பள்ளியில் யாரோ கேலி செய்தார்கள் என்று அக்கா போர்வைக்குள் அழுதாள். மறுநாள் காலை அப்பா கண்ணாடி முன் நின்று மீசையை வழித்து எறிந்தார். "ரெண்டு பேரையும் ஒண்ணாவே பாத்துக்கட்டும்" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். எனக்கோ ஒரே பொறாமை. என் உதடு ஒழுங்காக இருந்து என்ன பிரயோசனம், எனக்காக அப்பா எதையும் வழிக்கவில்லையே. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. அன்று காலை வந்த சவரச் சோப்பு வாசனை எங்காவது வந்தால் இன்றும் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

என் மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேனையும் அக்காதான் எடுத்தாள். தன் உதடு இந்தக் குழந்தைக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் முந்தின நாளிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "தல நல்லாருக்கு, இதயம் நல்லாருக்கு, கால ஆட்டுறாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், முகத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். உதட்டில் பிளவு இருக்கிறது, பிறந்த சில மாதங்களில் தைத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "நான் ஏதாவது தப்பாச் சாப்ட்டுட்டேனா அண்ணி?"

"நீ ஒண்ணும் பண்ணல. முகம் ரெண்டு பக்கத்துலேருந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டிக்கும். ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சுபோற வேல அது. எங்க வீட்டு மொதலாளிங்க அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் சோம்பேறி" என்றாள் அக்கா. மனைவியின் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டாள். "இது என்னோட போயிரணும்னுதான் வேண்டிக்கிட்டே இருந்தேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தாள். "உங்கள மாதிரியேதான் இருக்கு அண்ணி" என்றாள். அதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

எந்தப் போட்டோவிலும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பவள் அக்கா. என் கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான். இப்போது நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதில் நிறுத்தி வைத்திருந்த சின்ன முகத்தோடு தன் முகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "ஃபோன எடுடா, எங்கள ஒரு போட்டோ புடி" என்றாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன.