குழந்தையை விட்டு வண்டியை இறக்கியவன்

ஒன்றரை மாதக் குழந்தையை டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டு, அவளுடைய வண்டியை மட்டும் பத்திரமாக இறக்கிக்கொண்டு நின்றவன் நான்!

ஆமாம், நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். தயவுசெய்து மறுபடி படிக்காதீர்கள். கூச்சமாக இருக்கிறது.

உங்கள் நெஞ்சு படபடக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்... குழந்தை கிடைத்துவிட்டாள். இப்போது ஏழு மாதம். கீழே இரண்டு பல். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. ஆகையால் நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். படவேண்டிய பாட்டையெல்லாம் அன்றைக்கு நான் ஒருவனே மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

ஆனால் இது என் மனைவி சுமதிக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. உங்களிடம் வந்து உளறுவதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. திருப்பூரில், குழந்தைகள் உடுப்புத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டியை ஒட்டுமுன் கடைசியாக எண்ணிப் பார்ப்பவன். ஒரு பீஸ் குறைந்தால் பெட்டி என்னைத் தாண்டாது. பதினைந்து வருஷமாக ஒரு பீஸைத் தவறவிட்டதில்லை என்று கேன்டீனில் மார்தட்டிக்கொள்பவன்.

சொந்த வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்டதே ஒரே ஒரு பீஸ். அதைத்தான் விட்டேன்!

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில், விசேஷ வீடுகளில் எத்தனை பேருடைய அனுதாபப் பார்வை... அதையெல்லாம் சொல்லி உங்களை அழவைக்க மாட்டேன். சுமதிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். வெயிட் தூக்கி நடக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் பத்து நிமிஷ நடை. பச்சைக் குழந்தையோடு பைக்கில் போக எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆக, ஒரு குழந்தை வண்டி வாங்குவது என்று முடிவானது.

குற்றம் அந்தக் கடையிலேயே ஆரம்பித்துவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

சுமதி என்ன செய்தாள் தெரியுமா? அலமாரியிலிருந்த ஒரு கரடிப் பொம்மையை எடுத்து, குழந்தையைப்போல இடது கையில் ஏந்திக்கொண்டாள். வலது கையால் ஒவ்வொரு வண்டியாக மடித்து மடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, பஸ்ஸுல ஏறோணும்னா ஒரு கையிலயே மடிக்க வரோணுமல்லங்க? இன்னொரு கையில கொழந்த இருக்குமே."

"அதான் நானிருக்கறனே!"

"நீங்க மட்டும் தனியா போறப்ப?"

நல்ல கேள்வி. கேட்டவளைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. "கரடிய வெச்சு டிரையல் பாக்கறா பாருங்க!" என்று கடைக்காரரிடம் கண்ணடித்தேன். அவரும் சிரித்தார். சுமதி கரடியை மெல்ல அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

அவள் கைவைத்திருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வண்டி. அழகில்லாத வண்டி. நான் எடுத்ததோ... அடடா! பெரிய சக்கரங்கள், ஷாக் அப்சார்பர், தலைக்கு மேலே கூடாரம், பால்புட்டி வைக்க ஒரு கிண்ணம்! எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டிகளின்மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஒய்யாரமாகப் படுத்திருக்கும் வண்டி அச்சாகியிருக்கும். அதற்கு அண்ணன்போல இருந்தது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பெட்டி கட்டியவன் என் குழந்தைக்கு இதைக்கூட வாங்கக்கூடாதா?

யாருக்காக வாங்கினேன்? குழந்தைக்காகவா, பதின்மூன்று வருஷமாக என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய ஊருக்காகவா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரியும்... சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்றரை மாத ஊசி போடவேண்டிய புதன்கிழமை வந்தது. பார்த்து, அன்றைக்கென்று சுமதிக்குப் பால் கட்டிக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை.

"தனியா போயிருவீங்களா?" என்றாள், கட்டிலில் படுத்தபடி.

"எங்கிட்டக் கேக்கற கேள்வியா இது?"

அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து என் கையில் தந்தாள். தந்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமலேயே இருந்தாள்.

டவுன் பஸ் வந்து நின்றது. என் மகாராஜா வண்டியை மடிக்க வேண்டும். எப்படித் தெரியுமா? காலால் ஒரு பெடலை மிதிக்க வேண்டும். அதே நேரத்தில் இரண்டு பக்கமும் இருக்கிற சிவப்புப் பட்டன்களை இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். இரண்டு கையாலும்! அப்படியானால் குழந்தை? மூன்றாவது கை யாருக்கு இருக்கிறது?

நம் ஊர் பஸ்ஸில் இருக்கிறது. நின்றுகொண்டு வருபவரின் பையும் பிள்ளையும் உட்கார்ந்திருப்பவர் மடிக்குத்தான் போகும். யாரும் பேர்கூடக் கேட்பதில்லை. முன்படிக்குப் பக்கத்து சீட்டிலிருந்த ஒரு பெண்மணி எழுந்துவந்து இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்துவிட்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. மிதித்தேன், அமுக்கினேன், மடித்தேன். முன்பக்கம் பெண்கள் கூட்டம். வண்டியைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கு ஓடி ஏறினேன்.

குழந்தை முன்னால். நான் பின்னால். நடுவே அறுபது பேர்.

கண்டக்டர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்ணா, தறியக் கழட்டிக் கொண்டாந்துட்டீங்களா? லக்கேஜ் போடோணுமுங்க."

"கொழந்தைக்குங்களா?"

"கொழந்தைக்கு யாருங்க டிக்கெட் கேட்டாங்க? இந்தத் தறிக்குங்க!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பதினைந்து நிமிஷம் எனக்கும் அந்த வண்டிக்கும் மல்யுத்தம். சக்கரம் ஒருவர் காலில் ஏறியது. கைப்பிடி இன்னொருவர் வேட்டியைப் பற்றியது. டிபன் கேரியர் ஒன்று உருண்டது. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நாலு பேர் கைகொடுத்து, தேர் இறக்குவதுபோல இறக்கினார்கள். "பாத்துங்ணா... சக்கரம், சக்கரம்!" விசில் ஒலித்தது. பஸ் போயிற்று.

வெற்றி! வண்டியை விரித்தேன். டக், டக் என்று பூட்டுகள் விழுந்தன. கூடாரத்தை இழுத்துவிட்டேன். குழந்தையைக் கிடத்துவதற்காகக் குனிந்தேன்.

என் இரண்டு கைகளிலும் ஒன்றுமில்லை.

அந்த நொடியை எப்படிச் சொல்லுவேன்... டிக்கெட் எடுத்த பொருளைச் சரியாக இறக்கிவிட்டேன். டிக்கெட் இல்லாத உயிர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது!

ஓடினேன். எதைத் தள்ளிக்கொண்டு என்று நினைக்கிறீர்கள்? அந்தக் காலி வண்டியைத்தான்! என்ன அழகாக ஓடியது தெரியுமா, அந்த ஷாக் அப்சார்பரோடு! நாற்பத்தாறு வயது ஆள், வயிறு குலுங்க, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு, "பஸ்ஸ நிறுத்துங்க" என்று அலறிக்கொண்டு... டீக்கடையிலிருந்து ஒருவர் "ஏனுங்க, கொழந்த எங்கீங்க?" என்று கத்தினார். எனக்கும் அதே சந்தேகம்தான், ஐயா!

ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தினார். "ஏறுங்க, புடிச்சரலாம்!"

இப்போது கேளுங்கள். நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது இதைத்தான். இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை.

நான் உடனே ஏறவில்லை.

நின்றேன். வண்டியை மடித்தேன்! பெடலை மிதித்தேன், பட்டன்களை அமுக்கினேன். பூட்டு விழவில்லை. மறுபடி மிதித்தேன். "அதத் தூக்கிக் கடாசுங்க!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனாலும் மூன்றாம் தடவை மடித்து, சீட்டில் ஏற்றி, அப்புறம்தான் நான் ஏறினேன்.

என் மகள் யாரோ ஒருத்தியின் மடியில் போய்க்கொண்டிருக்கிறாள். நான் புது வண்டியில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறந்தது பதற்றத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மடித்தது? அது எதில் வந்தது? பைத்தியமா, கஞ்சத்தனமா, பழக்கமா... ஏழு மாதக் குழந்தை என் மடியிலேறி மூக்கைக் கடிக்கும்போதெல்லாம் என்னை நானே கேட்கிறேன்.

அடுத்த ஸ்டாப்பில், நிழற்கூரையின் கீழே, அந்தப் பெண்மணி நின்றிருந்தாள். இறங்கியிருக்கிறாள்! முந்தானைக்குள் ஒரு பொட்டலம். அதிலிருந்து ஒரு வீறல். உலகத்தில் எந்தச் சங்கீதமும் எனக்கு அப்படி இனித்ததில்லை. ஆட்டோ நிற்குமுன்பே குதித்தேன்.

"என்ன அண்ணாச்சி இது? வண்டிய எறக்குனிய, புள்ளய விட்டுட்டியளே!" தெற்கத்திப் பேச்சு. கழுத்தில் ஏதோ பனியன் கம்பெனியின் அடையாள அட்டை.

கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள். "நில்லுங்க. நீங்கதான் அப்பன்னு நான் எப்படி நம்புததாம்? புள்ள என்ன உடுத்திருக்கு, சொல்லுங்க பாப்பம்."

கொட்டினேன். "நியூபார்ன் சைஸுங்க, இன்டர்லாக் துணி, மஞ்ச கலர், நெஞ்சுல வாத்துப் பிரிண்ட்டு, எடது தோள்ல ரெண்டு பட்டன், வலது பக்கம் அடித்தையல் ஒண்ணு விட்டிருக்கும், அதனால ரிஜெக்ட்டுல வந்த பீஸுங்க!"

அவள் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். வாத்து இருந்தது. விட்டுப்போன தையலும் இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"கம்பெனி ஆளுதான், சந்தேகமில்ல. பொட்டி மேல ஒட்டுத மாதிரில்லா சொல்லுதிய! துணி கெடக்கட்டும்... புள்ளய சொல்லுங்க. ஒரு மச்சம், ஒரு தழும்பு?"

நான் வாயைத் திறந்தேன். வாத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

இடது காதுக்குப் பின்னால் கடுகளவு ஒரு மச்சம். சுமதி பத்துத் தடவையாவது காட்டியிருப்பாள். நான் "ம், ம்" என்றிருப்பேன். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், எனக்கு நினைவு வரவில்லை. "கண்ணு... அப்பா வந்துட்டேன் சாமி..." என்று மட்டும் முனகினேன். அப்புறம் அழுதுவிட்டேன். நடுரோட்டில், எல்லோரும் பார்க்க.

வீறல் சட்டென்று நின்றது. முந்தானைக்குள்ளிருந்து அந்தத் துளித் தலை என் குரல் வந்த பக்கம் திரும்பியது. அவ்வளவுதான் அத்தாட்சி. அந்தப் பெண்மணி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் குழந்தையை என் நெஞ்சில் சாய்த்தாள்.

"மறக்குதது யாருக்கும் வரும் அண்ணாச்சி. வீட்டுல மறைக்காதிய. சொல்லிருவியளா?"

"சொல்லீர்றனுங்க."

"எனக்கு இன்னைக்கு அரைநாள் போச்சு, கேட்டியளா!" என்று சிரித்தபடியே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பேர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊசி போட்டேன். "அப்பாவே தனியா கூட்டிட்டு வந்துட்டீங்களே, பரவால்லீங்க!" என்று நர்ஸம்மா பாராட்டினார். பக்கத்து பெஞ்சிலிருந்த பெண்கள் தத்தம் கணவன்மார்களை முறைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தேன். சுமதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக, சொல்லத்தான்! வெளியே வந்தது வேறு.

"நீ சொன்னதுதான் சரி. இந்த வண்டி பஸ்ஸுக்கு ஆகாது. ரெண்டு கை வேணும். அந்தச் சின்னதையே வாங்கிக்கலாம்."

அவள் காய்ச்சலை மறந்து என்னைப் பார்த்தாள். "எம் பேச்சக் கேட்டு மாத்தறீங்களா? நீங்களா!" பதின்மூன்று வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கோழைத்தனத்துக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் நாகரிகமான பெயர் இது.

கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றிக்கொடுத்தார். நீங்களும் பஸ்ஸை நம்பிப் பிள்ளை வளர்ப்பவர் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன வண்டியை முழுக்கச் சாய்த்தால் பச்சைப் பிள்ளை மல்லாந்து படுக்கிறது. கைப்பிடியை ஒரு கையால் திருகினால் தானாகக் குறுகிக்கொள்கிறது. குடைபோலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். படியில் யார் காலையும் நசுக்காது. எல்லாவற்றையும்விட, மடிக்கும்போது குழந்தை உங்கள் நெஞ்சிலேயே இருக்கிறது. கூடாரமும் கிண்ணமும் கிடக்கட்டும். இதை முதலிலேயே ஒருத்தி கடையில் செய்துகாட்டினாள். ஒரு மடையன் சிரித்தான்.

போன திங்கட்கிழமை சுமதி, பிரசவத்துக்காக நிறுத்தியிருந்த பனியன் கம்பெனி வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்தாள். அவள் காலையில், நான் சாயங்கால ஷிஃப்டில். காலைப் பொழுது முழுக்கக் குழந்தை என் பொறுப்பு. அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றினேன்.

"சுமதி... ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க." செருப்பு மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"டிபன் எடுத்துக்கிட்டயா?"

கம்பெனி வேன் வந்து நின்றது. குழந்தையோடு வாசலில் நின்றேன். வேனுக்குள்ளிருந்து ஒருத்தி கேலி செய்தாள். "ஏனுங்கக்கா, மொத நாளே கொழந்தைய உட்டுப்போட்டு இப்புடிச் சிரிச்சுட்டு வாரீங்க? எம் பொண்ண உட்டுட்டு வந்த அன்னிக்கு நானெல்லாம் தெரு முக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்து அழுதனுங்க!"

"அவருகிட்டத்தான உட்டிருக்கறனுங்க. எனக்கென்ன பயம்?" என்றாள் சுமதி.

வேன் கிளம்பியது. ஜன்னலோர சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்... குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கூடக் காட்டினேன்.

அவள் திரும்பவே இல்லை.