லேபிள் மேல் ஒரு கட்டை விரல்

போன ஞாயிற்றுக்கிழமை என் போன் கையை விரித்துவிட்டது. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்கிறது. ஒரு போட்டோ எடுக்க முடியவில்லை. வந்த மெசேஜைத் திறக்க மாட்டேன் என்கிறது.

என்னடா இவ்வளவு அடைசல் என்று உள்ளே போய்ப் பார்த்தால்... ரோஜாப்பூ! ஒன்றா, இரண்டா? பனித்துளி விழுந்த ரோஜா, காபி டம்ளருக்குப் பக்கத்தில் ரோஜா, நாய்க்குட்டி வாயில் ரோஜா. எல்லாவற்றிலும் ‘இனிய காலை வணக்கம்’. எல்லாமே சில மாதங்களுக்கு முன்னால் ஒரே நாளில் வந்தவை. அதுவும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்!

மத்தியானம் மூன்று மணிக்கு யாராவது குட் மார்னிங் சொல்வார்களா? எங்கள் ஊரில் சொன்னார்கள். குட் மார்னிங் படம் என்றாலே எரிந்து விழுகிற ஆள் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு படம் அனுப்பினேன். ஏன் என்பதை இவ்வளவு நாள் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லலாம்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திருப்பூரைச் சுற்றிச் சின்ன அளவில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், இருநூறு பேருக்கு மேல். பத்து மெஷின் போட்டிருப்பவர், முப்பது மெஷின் போட்டிருப்பவர், பட்டன் விற்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், எல்லோரும் உண்டு. நான் லேபிள் அடிக்கிறவன். சட்டை போட்டதும் பின்கழுத்தில் உறுத்துமே... அதுதான் எனக்குச் சோறு.

நல்ல குழுதான். ‘நாளைக்குக் காலையில நாலு டைலர் வேணுமுங்க’ என்று ஒருவர் கேட்டால் ராத்திரிக்குள் ஆள் கிடைத்துவிடும். யோசனைக்கும் பஞ்சமே இல்லை. ஒரு சந்தேகம் கேட்டால் நாற்பது பதில் வரும். நாற்பதும் வேறு வேறாக இருக்கும் என்பதுதான் சிக்கல். அதில் நாலு பேர் பதில் சொல்கிற சாக்கில் தங்கள் விசிட்டிங் கார்டை வேறு செருகிவிடுவார்கள்.

அட்மின் தங்கவேல் அண்ணன். முன்பு மூன்று அட்மின்கள் இருந்தார்கள். யார் பெரிய அட்மின் என்று அவர்களுக்குள் சண்டை வந்து, இப்போது இவர் ஒருவர்தான். கறார் பேர்வழி. குட் மார்னிங், குட் நைட் போட்டால் அடுத்த நிமிடம் குழுவை விட்டுத் தூக்கிவிடுவார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி அவரை நச்சரித்தது யார்? வேறு யார்... நான்தான்.

எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் உண்டு. தைத்த துணியில் ஏதாவது கோளாறு என்றால் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவோம். ஆனால் அதில் ஆர்டர் கொடுத்த கம்பெனியின் லேபிள் இருக்குமே? யாருக்குத் தைக்கிறோம் என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் மறுநாளே இன்னொருவர் அந்தக் கம்பெனி வாசலில் போய், ‘நாங்க இன்னும் கம்மியாத் தெச்சுத் தர்றோமுங்க’ என்று நிற்பார். டிசைனும் கடைக்கு வருவதற்கு முன்னால் வெளியே போகக் கூடாது. போனால் ஆர்டரே ரத்து.

அதனால் போட்டோ எடுக்கும்போது எங்கள் ஆட்களின் கட்டை விரல் தானாக லேபிள் மேல் போய் உட்கார்ந்துவிடும். யாருடைய துணி என்று தெரியாதவரை அது வெறும் துணிதானே? குழுவில் முகம் தெரியாத பல பேரை எனக்கு விரலை வைத்தே தெரியும். நகத்தில் சாக்பீஸ் பொடி இருந்தால் இன்னார், மோதிரம் இறுக்கிய தடித்த விரல் என்றால் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

சரி, சுமதிக்கு வருகிறேன். அருள்புரத்தில் பத்து மெஷின் போட்டிருக்கிற பெண். டைலராக வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சொந்தமாக யூனிட் போட்டவர். இத்தனை வருடமும் ஜாப் ஒர்க்தான். அதாவது, பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிய துணியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணியும் அவர்களுடையது, பேரும் அவர்களுடையது.

முதல் முறையாக அவருக்கு நேரடி ஆர்டர் ஒன்று வந்தது. குழந்தைகள் டி-ஷர்ட். கொடுத்தது ஒரு பையிங் ஆபீஸ், துணிக்கடைக் கம்பெனிக்காக இங்கே ஆர்டர் பிடித்துக் கொடுத்து மேற்பார்வை பார்க்கிறவர்கள். அங்கே இவருக்கு எல்லாமே பிரகாஷ் என்ற ஒரு பையன்தான். மறுநாள் சாம்பிள் கொடுக்க வேண்டும். சாம்பிள் ஓகே ஆனால்தான் ஆர்டர் உறுதி.

சாம்பிளில் கழுத்துப் பட்டி நெளிந்தது. பிரித்துத் தைத்தாலும் நெளிந்தது. சரி, குழுவில் கேட்போம் என்று சுமதி இரண்டு கையாலும் கழுத்தை விரித்துப் பிடித்துக்கொள்ள, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் அக்கா போட்டோ எடுத்திருக்கிறார். இரண்டு கட்டை விரலும் பட்டியின் இரண்டு ஓரத்தில்! நட்ட நடுவில் லேபிள் பளிச்சென்று தெரிகிறது. முன்பக்க டிசைனும் பாதி தெரிகிறது. அப்படியே குழுவில் போட்டுவிட்டார்.

அந்த லேபிளை அடித்தவனே நான்தான். பார்த்ததும் சுமதியைக் கூப்பிட்டேன்.

“அம்மிணி, போட்டோவப் பாருங்க! லேபிளு!”

“அய்யோ முருகா... போச்சுங்ண்ணா!”

“பதறாதீங்க. மொதல்ல அழிங்க.”

“அழிச்சுட்டனுங்ண்ணா... அழிச்சுட்டேன்.”

நான் பார்க்கிறேன். என் போனில் படம் ஜம்மென்று அப்படியே இருக்கிறது. “எனக்கு இன்னும் தெரியுதே அம்மிணி?”

“எனக்கு இல்லீங்களே!”

புரிந்துவிட்டது. அழிக்கப் போனால் வாட்ஸ்அப் இரண்டு வழி கேட்கும்... எல்லோருக்கும் அழிப்பதா, உனக்கு மட்டும் அழிப்பதா? அவசரத்தில் ‘டெலிட் ஃபார் மீ’யை அழுத்திவிட்டார். திரும்பக் கொண்டுவரச் சில நொடி ‘அன்டூ’ என்று கீழே காட்டும். பதற்றத்தில் அதை யார் பார்ப்பது? படத்தைப் போட்டவருக்கு மட்டும் படம் இல்லை, ஊருக்கெல்லாம் இருக்கிறது. இப்படி ஒரு கொடுமை உண்டா?

இனி அதை எடுக்க அட்மினால்தான் முடியும். தங்கவேல் அண்ணனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டால் அவர் மனைவி எடுத்தார்.

“அவிய பழனிக்குப் போயிருக்கறாங்க. மலைக்கு மேல போனு கொண்டு போகக் கூடாதுங்கல்ல... கீழயே குடுத்துட்டுத்தான் ஏறுவாங்க. எறங்கறக்குச் சாய்ங்காலம் ஆயிருமுங்க.”

எனக்கு இரண்டு பயம். ஒன்று செல்வராஜ். பெருமாநல்லூரில் இதே குழந்தைகள் துணிதான் தைக்கிறார். இந்த மாதிரி ஆர்டருக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பவர். இன்னொன்று பிரகாஷ். எப்போதோ யாரோ அவரையும் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பார்க்கிறாரா, மாட்டாரா என்பதே தெரியாது. பார்த்துவிட்டு மேலே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. இந்த ஆர்டர் போவது மட்டும் இல்லை. டிசைனை வெளியே விட்ட கம்பெனி என்று பேர் வந்துவிட்டால் சுமதிக்கு அப்புறம் யார் நேரடி ஆர்டர் கொடுப்பார்கள்? காலம் பூரா ஜாப் ஒர்க்தான்.

“நானே பிரகாஷ் சாருக்குக் கூப்புட்டுச் சொல்லீரட்டுங்களா?” என்று சுமதி அழ ஆரம்பித்துவிட்டார். அவசரப்பட வேண்டாம், பார்க்காமலே இருந்திருந்தால் நாமே எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே... டிங்! குழுவில் ஒரு ரோஜாப்பூ. இனிய காலை வணக்கம்!

போட்டது ரஃபீக் பாய். பட்டன், எலாஸ்டிக் வியாபாரம். எனக்கு வந்ததே கோபம்! சுமதியின் போனை வைத்துவிட்டு அவரைப் பிடித்தேன்.

“பாய், மூளை கீளை இருக்குதா உங்களுக்கு? இங்க ஒருத்தர் குடியே முழுகிட்டிருக்குது... பூ அனுப்பறீங்களா பூவு?”

அவர் நிதானமாகக் கேட்டார். “ஏனுங்க, அந்தப் படத்த நம்மனால எடுக்க முடியாதுங்கல்ல?”

“முடியாது.”

“அப்ப மேல மண்ண அள்ளிப் போட்டு மூடீரலாமுங்க. இத்தன குட் மார்னிங்குக்குக் கீழ என்ன கெடக்குதுன்னு எவன் போய் நோண்டிப் பாப்பான்? நீங்களே பாக்க மாட்டீங்களே!”

போனை வைத்துவிட்டுக் குழுவைத் திறந்தேன்.

அதற்குள் இன்னொரு பூ வந்தது. பின்னாலேயே ஒரு பிள்ளையார். அப்புறம் சூரிய உதயம், தாமரைக் குளம், ‘இன்றைய நாள் இனிதாகட்டும்’. யாரும் யாருக்கும் விளக்கம் சொன்ன மாதிரி தெரியவில்லை. லேபிளைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் விஷயம் புரிந்திருந்தது. பெருமாநல்லூர் செல்வராஜ்? மனிதர் மழையாகப் பொழிந்தார்! வேலோடு முருகன், மயிலோடு முருகன், சிரிக்கிற குழந்தை... அவரைப் பற்றி நான் நினைத்ததை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நானும் அனுப்ப வேண்டாமா? ஆனால் என் போனில் ஏது பூ? வந்த வேகத்தில் அழிக்கிறவன் ஆயிற்றே! வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

“வசந்தா, உன் போன்ல குட் மார்னிங் படம் இருக்குமே... ஒரு பத்து அனுப்பு சீக்கிரம்.”

அவள் பதறிப்போய், “ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கவேல் அண்ணன் மலையிலிருந்து இறங்கி, போனை வாங்கி, குழுவைத் திறந்தார். மனிதர் என்ன பாடு பட்டிருப்பார்! ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரஃபீக் பாயைத் தூக்கினார். செல்வராஜைத் தூக்கினார். அடுத்து... என்னை! நான் கேட்டுக் கொண்டுவந்த சட்டம் என் கழுத்திலேயே விழுந்தது.

போன் போட்டு விவரம் சொன்னேன். கடைசிவரை கேட்டவர் “முருகா!” என்று மட்டும் சொன்னார். சுமதியின் படத்தை எல்லோருக்கும் இல்லாமல் அழித்தார். எங்களையும் திரும்பச் சேர்த்தார். சேர்த்த கையோடு, “இருந்தாலுஞ் சட்டஞ் சட்டந்தானுங்க. நாளைக்கு ஆராச்சும் பூப் போட்டீங்கன்னா மறுக்காத் தூக்கிருவேன்” என்றார்.

இத்தனை களேபரத்தில் சுமதி கேட்ட சந்தேகத்துக்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாற்பது யோசனை வருகிற குழுவில் அன்றைக்கு ஒரு யோசனைகூட இல்லை. ஆனால் அந்தக் குழு உருப்படியாக ஒரு காரியம் செய்தது என்றால் அது அன்றைக்குத்தான். யோசனை சொல்வதற்கு என்ன, யாரும் சொல்லலாம். போட்டிக்காரியின் ஆர்டர் கண் முன்னால் கிடக்கும்போது அதன் மேல் ரோஜாப்பூவை அள்ளிப் போட மனசு வேண்டும்.

பதில் மறுநாள் காலையில் நேரில் வந்தது. செல்வராஜ் பெருமாநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் அருள்புரம் போயிருக்கிறார். பட்டியைக் கொஞ்சம் குறைத்து வெட்டச் சொல்லி, உடம்புத் துணியை இழுக்காமல் ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று ஒரு பீஸ் தைக்க வைத்தார். நெளிவு போய்விட்டது. சுமதிதான் இதைச் சொன்னார். சாம்பிளைக் கையில் வாங்கியபோது செல்வராஜின் கட்டை விரல் நேராக லேபிள் மேல் போய் உட்கார்ந்ததாம்!

“நீங்கதான் நேத்தே பாத்துட்டீங்களேண்ணா...” என்றிருக்கிறார் சுமதி.

“பழக்கமுங்க அம்மிணி” என்றாராம் அவர், விரலை எடுக்காமலே.

சாம்பிள் ஓகே ஆனது. ஆர்டர் தைத்து முடிந்து, துணி இப்போது கடையில் தொங்குகிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. சுமதியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் எவர் என்று தேடாதீர்கள்... பெயர்கள் எல்லாவற்றின் மேலும் என் கட்டை விரல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஸ்டோரேஜ் ஃபுல் ஆனதால் குழுவுக்குள் போய் அன்றைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். ரஃபீக் பாய் ரோஜா... டெலிட். செல்வராஜ் மயில்... டெலிட். நடுவில் ஒரு சேவல் வந்தது. மதில்மேல் நின்று கூவுகிற சேவல், ‘குட் மார்னிங்’. பூக்கள் கொட்டிக்கொண்டிருந்த மூன்றரை மணி வாக்கில் வந்திருக்கிறது. அன்றைக்கு இருந்த அமளியில் யார் போட்டது என்று நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன்.

பிரகாஷ்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிரகாஷேதான். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் போட்ட ஒரே பதிவு. பார்த்தால் மேலே சொல்லியாக வேண்டிய மனிதர்... பார்த்திருக்கிறார். அவர் பங்குக்கு ஒரு பிடி மண்ணையும் போட்டிருக்கிறார். சுமதிக்கு இது இன்னும் தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

ரோஜாக்களை எல்லாம் அழித்துவிட்டேன். சேவல் இருக்கட்டும்.